மைல் பூஜ்யத்தில் ஒரு ஊர்

ஆங்கரேஜிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையில் மைல்கற்கள் இறங்குமுகமாக வருகின்றன. 127-இல் ஆரம்பித்துக் குறைந்துகொண்டே போய், இதற்கு மேல் போனால் கடல்தான் என்ற இடத்தில் பூஜ்யம். அலாஸ்கா ரயில்பாதையின் கணக்கும் இங்கேதான் தொடங்குகிறது. நாய்வண்டிகள் ஓடிய இடிடரோட் பாதைக்கும் இதே ஊர்தான் மைல் பூஜ்யம். சூவர்ட் என்ற இந்த ஊரின் மக்கள்தொகை மூவாயிரத்தைத் தொடாது. ஆனால் அலாஸ்காவை அளக்க வந்தவர்கள் எல்லாரும் இங்கே முளை அடித்துவிட்டுத்தான் நகர்ந்திருக்கிறார்கள்.

காரணம் எளிது. ரெசரெக்‌ஷன் விரிகுடா குளிர்காலத்திலும் உறைவதில்லை. வருடம் முழுக்கக் கப்பல் வந்து நிற்கக்கூடிய ஆழம். அங்கிருந்து உள்நாட்டுக்கு இருப்புப்பாதை போட்டால் பணம் கொட்டும் என்று கணக்குப் போட்டு 1903-இல் ஆட்களோடு வந்து இறங்கியவர் ஜான் பாலேன். ஊருக்கு வில்லியம் சூவர்டின் பெயரை வைத்தார். 1867-இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கிக்கொடுத்து, ‘பனிப்பெட்டியை வாங்கிவிட்டார்’ என்று கிண்டலுக்கு ஆளான வெளியுறவு அமைச்சர் அவர். பாலேனின் ரயில் கம்பெனி திவாலானது. அரசாங்கம் கையில் எடுத்து முடிக்க 1923 ஆகிவிட்டது. கடைசி ஆணியை அடிக்க ஜனாதிபதி ஹார்டிங் வந்தார். ஊர் திரும்பும் வழியில் சான் பிரான்சிஸ்கோவில் இறந்துபோனார். மலைக்கு மேலே இருக்கும் பெரிய பனிவெளிக்கு அவர் பெயர்.

தெருக்களுக்கு ஜனாதிபதிகள் பதவிக்கு வந்த வரிசையிலேயே பெயர்: வாஷிங்டன், ஆடம்ஸ், ஜெஃபர்சன், மேடிசன், மன்ரோ. வழி கேட்டால் அமெரிக்க வரலாற்றில் பாஸ் பண்ணியிருக்க வேண்டும்.

*

வரும் வழியில் போர்ட்டேஜ். பெயர்ப்பலகை உண்டு, ஊர் இல்லை. 1964 நிலநடுக்கத்தில் தரை ஆறடிக்கு மேல் தாழ்ந்து, கடல் ஓதம் உள்ளே வர ஆரம்பித்தது. இருந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். உப்புநீர் குடித்த மரங்கள் மட்டும் நின்றபடியே செத்தன. அறுபது வருடம் ஆகியும் அவற்றில் பல விழவில்லை. பட்டை உரிந்து வெள்ளியாக வெளுத்து, கிளையில்லாமல், கூட்டமாக நிற்கின்றன. மரத்தில் ஏறிய உப்பு அழுகலைத் தடுக்கிறதாம். பஸ்ஸில் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி போட்டோ எடுத்தோம். டிரைவர் வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை.

*

சூவர்டில் இறங்கியதும் யாருக்கும் முதலில் வரும் சந்தேகம்: கடலோரத்தில், பார்த்தாலே விலை எகிறக்கூடிய நிலம் அத்தனையும் எதற்காகக் கூடாரம் அடிக்கவும் கேரவன் நிறுத்தவும் விட்டிருக்கிறார்கள்? ஊரின் கிழக்கு ஓரம் நெடுகப் புல், சரளைக்கல், மேசை, அடுப்பு. கட்டடம் என்று சொல்ல அதிகம் இல்லை. படகுத்துறை ஊரின் வட கோடியில் ஒதுங்கிக் கிடக்கிறது. கடைத்தெரு தென் கோடியில். இரண்டுக்கும் நடுவே நடக்க அரை மணி நேரம் ஆகும். திட்டமிட்டுக் கட்டிய ஊர் மாதிரியே இல்லை.

இல்லைதான். 1964 மார்ச் 27, மாலை 5:36. ரிக்டர் காலத்து அளவுகளைத் திருத்திப் பிற்பாடு 9.2 என்று முடிவான நிலநடுக்கம். கருவிகள் பதிவு செய்தவற்றில் இதைவிடப் பெரியது 1960-இல் சிலியில் வந்தது ஒன்றுதான். நான்கைந்து நிமிடம் குலுங்கியது. ஊர் நிற்பது பாறை மேல் அல்ல. லோவல் ஓடை மலையிலிருந்து கொண்டுவந்து கடலுக்குள் கொட்டிய மணலும் சரளையும்தான் அடித்தளம். குலுங்க ஆரம்பித்து ஒரு நிமிடம் ஆவதற்குள், கரையில் ஏறக்குறைய நாலாயிரம் அடி நீளத்துக்கு நிலம் அப்படியே நழுவிக் கடலுக்குள் போனது. கப்பல்துறை, கிடங்குகள், எண்ணெய்த் தொட்டிகள் எல்லாம் அதோடு. நிலம் விழுந்த வேகத்தில் கடல் பின்வாங்கித் திரும்பி வந்தது. தொட்டிகள் வெடித்தன, ரயில் டாங்கர்கள் ஒன்றையடுத்து ஒன்றாகப் பற்றிக்கொண்டன. எண்ணெய் நீர்மேல் பரவி எரிந்தது. அரை மணி கழித்து ஆழ்கடலிலிருந்து உண்மையான சுனாமி வந்தபோது, எரிந்துகொண்டிருந்த அலையாகத்தான் அது ஊருக்குள் ஏறியது.

சுனாமி என்றால் கருமையான நீர்ச்சுவர் என்று 2004 டிசம்பரில் நம் மனதில் பதிந்துவிட்டது. தீப்பிடித்த அலையைக் கற்பனை செய்யக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. நூலகத்தோடு சேர்ந்த அருங்காட்சியகத்தில் படங்களைப் பார்த்தேன். ரயில் எஞ்சின் தண்டவாளத்தை விட்டு எங்கோ கிடக்கிறது. தண்டவாளம் வெறும் கம்பிச்சுருளாகக் கிடக்கிறது. மீன்பிடிப் படகு தரையில்.

நாகப்பட்டினத்துக்கும் இந்த ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1964-க்கு முன்னால், இவ்வளவு பெரிய நிலநடுக்கம் எப்படி உண்டாகிறது என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே தெளிவில்லை. அமெரிக்க நிலவியல் துறையைச் சேர்ந்த ஜார்ஜ் பிளாஃப்கர் இந்தக் கரையோரம் முழுக்கப் படகில் சுற்றி, பாறைகளில் ஒட்டியிருந்த கொட்டலசுகளை அளந்தார். கொட்டலசு ஓத மட்டத்துக்கு மேலே வாழாது. செத்துப்போன கொட்டலசு வரிசை நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே நிற்கிறதோ, நிலம் அவ்வளவு உயர்ந்திருக்கிறது. மாண்டேக் தீவு சில இடங்களில் முப்பது அடிக்கு மேல் எழும்பியிருந்தது. சூவர்ட் பக்கம் மூன்றடிக்கு மேல் தாழ்ந்திருந்தது. கடல்தட்டு கண்டத்துக்கு அடியில் சரிவாக நுழைகிறது, அது சிக்கிக்கொண்டு விடுபடும்போதுதான் இப்படி நடக்கிறது என்று அவர் எழுதினார். நாற்பது வருடம் கழித்து சுமத்ராவில் நடந்ததை விளக்க உதவியதும் அதே விளக்கம்தான்.

சூவர்டில் இறந்தவர்கள் பத்துப் பேருக்குச் சற்று மேல், அலாஸ்கா நிகழ்ச்சி மொத்தத்தில் 130 பேருக்கு மேல். எண்ணிக்கை குறைவாக இருக்கக் காரணம் அங்கே ஆட்களே குறைவு என்பதுதான். பக்கத்து வால்டீஸ் ஊரையே பெயர்த்து நாலு மைல் தள்ளிக் கட்டினார்கள். சூவர்ட்காரர்கள் நகரவில்லை. போன நிலத்தின் ஓரத்தில் இனிமேல் எதுவும் கட்டுவதில்லை என்று மட்டும் முடிவு செய்தார்கள். அதனால்தான் கூடாரங்கள். ஓதம் இறங்கும்போது பழைய துறையின் மரக்கால்கள் கறுத்த பல் வரிசையாக வெளியே தெரியும்.

இன்னொன்று. நிலநடுக்கத்துக்குச் சற்று முன்புதான் நாட்டின் முன்மாதிரி ஊர்களில் ஒன்று என்ற விருது சூவர்டுக்கு அறிவிக்கப்பட்டு, விழாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஊரே போனது. திரும்பக் கட்டியதற்காக 1965-இல் அதே விருதை மறுபடி கொடுத்தார்கள்.

*

1964 மார்ச் 27 புனித வெள்ளி.

இருபத்தைந்து வருடம் கழித்து, 1989 மார்ச் 24 அன்று, பக்கத்துக் கடலில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் ஏறி ஒரு கோடி காலனுக்கு மேல் கச்சா எண்ணெயைக் கொட்டியது. அதுவும் புனித வெள்ளி. எண்ணெய் மேற்கே மிதந்து இந்தக் கரைகளுக்கும் வந்தது.

இந்த விரிகுடாவுக்குப் பெயர் வைத்தவர் ரஷ்யத் தோல் வணிகர் பரானவ். 1790-களில் புயலுக்கு ஒதுங்கி உள்ளே வந்தபோது ஈஸ்டர் என்பதால், கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாளின் பெயர். நான் சகுனம் பார்க்கிறவன் இல்லை. ஆனால் ஊர்க்காரர்கள் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறார்கள்.

கொட்டிய எண்ணெய்க்கு வாங்கிய நஷ்ட ஈட்டில் ஒரு பகுதி, கடைத்தெரு முனையில் கடலை ஒட்டி நிற்கும் அலாஸ்கா சீலைஃப் சென்டருக்குப் போயிருக்கிறது. 1998-இல் திறந்தது. காயம்பட்ட கடல்நாய்களையும் தாயைப் பிரிந்த நீர்நாய்க் குட்டிகளையும் கொண்டுவந்து தேற்றுகிறார்கள். ஆராய்ச்சியும் நடக்கிறது. பஃபின் பறவைகள் தண்ணீருக்கு அடியில் இறக்கை அடித்து நீந்துவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். வானத்தில் அவை பறப்பதைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். உடம்பு கனம், இறக்கை சின்னது, எந்த நேரமும் விழுந்துவிடும் போல. தண்ணீருக்குள்தான் அது பறவை.

*

ஊரில் எல்லாரும் ஒரே செருப்பு. செருப்பு அல்ல, முழங்கால் வரை வரும் பழுப்பு நிற ரப்பர் பூட்ஸ். எக்ஸ்ட்ராடஃப் என்று பெயர். மீனவர், வங்கி ஊழியர், பள்ளிக்கூடத்துப் பெண், எல்லாரும். மேல்பகுதியைக் கணுக்கால் வரை மடித்துவிட்டால் அது வீட்டு உடை. இங்கே குடை பிடிக்கிறவர் சுற்றுலாப் பயணி.

மழை இங்கே பெய்வதில்லை, இருக்கிறது.

*

எக்ஸிட் பனியாறு. ஊரிலிருந்து சாலைவழி ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். கெனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவில் கார் போகக்கூடிய ஒரே பனியாறு இதுதான். ஹார்டிங் பனிவெளியை முழுதாகக் கடந்த முதல் குழு, 1968-இல், இதன் வழியாகத்தான் வெளியே இறங்கியது. பெயர் அப்படி.

காட்டுக்குள் போகும் சாலையின் ஓரத்தில் திடீரென்று ஒரு சிறு பலகை. அதில் ஓர் ஆண்டு, வேறு எதுவும் இல்லை. கொஞ்ச தூரம் போனால் இன்னொரு ஆண்டு. அந்தந்த ஆண்டில் பனியாற்றின் மூக்கு அங்கே இருந்தது என்று அர்த்தம். 1815-இல் அது உச்சத்தில் இருந்தது. அங்கிருந்து இன்று வரை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பின்னால் போயிருக்கிறது. கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி நடக்க ஆரம்பித்தால் 1917, 1926, 1951 என்று ஒவ்வொன்றாக வருகின்றன.

பழைய ஆண்டுகளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பனியாறு முன்னே வரும்போது மண்ணையும் கல்லையும் முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. பின்வாங்கும்போது அந்தக் குவியல் ஒரு கரை மாதிரி அங்கேயே தங்கிவிடுகிறது. கரைமேல் முளைத்த மிக வயதான மரத்தைத் துளைத்து வளையங்களை எண்ணினால் பனி எப்போது அந்த இடத்தைக் காலி செய்தது என்று வந்துவிடும்.

பலகைகளுக்கு நடுவே நடப்பது எனக்குப் பிடித்தது, அதன் காரணம் வருத்தம் அல்ல. காடு எப்படி உண்டாகிறது என்பதைக் காலால் அளக்கலாம். பனியை ஒட்டிய இடம் வெறும் கல். நாலு எட்டு பின்னால் வந்தால் பாசி, தரையோடு தரையாகப் படரும் செடிகள், ஊதாப்பூ பூத்த ஃபயர்வீட். இன்னும் பின்னால் ஆல்டர் புதர்கள், கை நுழைய முடியாத நெருக்கம். அவை காற்றிலிருந்து நைட்ரஜனை இழுத்து வேரில் கட்டி, மலட்டுச் சரளையை மண்ணாக்குகின்றன. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிற நம் விவசாயிக்கு இது புதிதல்ல. அதற்குப் பின்னால் காட்டன்வுட் மரங்கள். கடைசியாக, 1815-க்குப் பக்கத்தில், ஸ்ப்ரூஸும் ஹெம்லாக்கும் அடர்ந்த இருட்டு. இருநூறு வருடத்தை ஒரு மணி நேரத்தில் நடந்துவிடுகிறோம்.

2005 பலகையிலிருந்து பார்த்தால் பனி எங்கோ தள்ளி இருக்கிறது. 2010 பலகையில் நின்றாலும் அப்படியே. அங்கே ஒரு குடும்பம் நின்றது. பையனுக்குப் பத்து வயது இருக்கலாம். பலகையைப் பார்த்து, அப்பாவின் போனில் எதையோ தேடி, தான் பிறந்த வருடத்தில் பனி எங்கே இருந்திருக்கும் என்று விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினான். அப்பா பதில் சொல்லவில்லை. பூங்காக் காவலர் பெண்மணிதான் ‘நீ சொன்னது ஏறக்குறைய சரி’ என்றார்.

2015 செப்டம்பரில் ஒபாமா இங்கே வந்து இதே பாதையில் நடந்தார். அவர் வந்ததற்கும் பலகை இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். தேடினேன், கண்ணில் படவில்லை.

எல்லாப் பனியாறும் இப்படி ஓடவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் அயாலிக் இதோடு ஒப்பிட்டால் இருந்த இடத்திலேயே நிற்கிறது. கடலில் முடியும் பனியாறுகளுக்குச் சூடு மட்டும் கணக்கல்ல. அடியில் உள்ள தரையின் ஆழம், முன்னால் தேங்கிய மண்மேடு எல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. பேடர்சன் போன்ற சில வேகமாகச் சுருங்குகின்றன. மொத்தத்தில் பனிவெளி இளைக்கிறது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

*

பனிவெளிக்கு மேலே ஏறும் பாதை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மைலுக்கும் ஆயிரம் அடி ஏற்றம். ஆல்டர் புதருக்குள் போகும்போது எல்லாரும் கை தட்டிக்கொண்டும் ‘ஏய் கரடி’ என்று சத்தம் போட்டுக்கொண்டும் நடக்கிறார்கள். பஜனைக் கோஷ்டிக்குப் பின்னால் போகிற மாதிரி இருந்தது. கறுப்புக் கரடி ஒன்று எதிர்ச்சரிவில் பெர்ரிப் பழம் தின்றுகொண்டிருந்தது. எங்கள் பஜனை அதற்குப் பொருட்டில்லை.

மேலே போனால் வெள்ளை. 1,800 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியைப் போல நாலு மடங்குக்கும் மேல். மலைச்சிகரங்களின் நுனி மட்டும் அங்கங்கே பனியைக் குத்திக்கொண்டு வெளியே நிற்கின்றன. கீழே பள்ளத்தாக்குகள் எல்லாம் பனியால் தூர்ந்திருக்கின்றன. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி ஒரு வருடத்தில் நானூறு அங்குலத்துக்கும் மேல் பனி கொட்டுகிறது. கோடையில் உருகியது போக மிஞ்சுவது அடுத்த வருடப் பனியின் கனத்தில் நசுங்கி, உள்ளே இருக்கும் காற்று வெளியேறி, பனிக்கட்டியாகிறது. அந்த அடர்ந்த கட்டி ஒளியில் சிவப்பை உறிஞ்சிவிட்டு நீலத்தை விடுகிறது. ஏறக்குறைய நாற்பது பனியாறுகள் இதிலிருந்து நாலாபக்கமும் வழிகின்றன. எக்ஸிட் அவற்றில் ஒன்று, சின்னது.

*

அலாஸ்காவின் கொடி: நீலத் துணியில் எட்டு தங்க நட்சத்திரம். சப்தரிஷி மண்டலமும் துருவ நட்சத்திரமும். வரைந்தவன் பென்னி பென்சன், பதின்மூன்று வயது, சூவர்டில் இருந்த ஜெஸ்ஸி லீ அநாதை இல்லத்துப் பையன். அம்மா அலூட் வழியில் வந்தவர், இவனுக்கு மூன்று வயதாக இருந்தபோது இறந்துவிட்டார். அப்பா சுவீடன்காரர். மாணவர்களுக்கு நடந்த போட்டியில் தேர்வாகி, 1927-இல் கொடி ஏறியது. கரடி, சுரங்கம் என்று மற்றவர்கள் எதை எதையோ வரைந்திருக்க, இவன் தலைக்கு மேலே இருந்ததை வரைந்தான்.

அம்மி மிதித்து அருந்ததி பார்த்தவர்களுக்கு ஒரு தகவல். அருந்ததி இருப்பது சப்தரிஷியின் வாலில், வசிஷ்டருக்குப் பக்கத்தில். கொடியில் வசிஷ்டர் இருக்கிறார், அருந்ததியைக் காணோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பட்டப்பகலில் முகூர்த்தம் வைத்து, தெரிகிறது தெரிகிறது என்று தலையாட்டுகிறவர்கள் நாம். இங்கே கோடையில் ராத்திரியிலும் தெரியாது. ஜூனில் பத்தொன்பது மணி நேரம் பகல், மிச்சமும் முழு இருட்டில்லை. கொடியைப் பார்ப்பதோடு சரி.

ஜெஸ்ஸி லீ இல்லம் நிலநடுக்கத்தில் சேதமாகி மூடப்பட்டது. மீட்க வேண்டும் என்று பல வருடம் முயற்சி செய்தார்கள். 2020-இல் இடித்துவிட்டார்கள். அமெரிக்கர்கள் எதையும் காப்பாற்றி வைப்பார்கள் என்பது நம்மூரில் சொல்லும் கதை.

*

படகு. காலையில் கிளம்பினால் மாலை ஆகும். விரிகுடாவுக்குள் மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பும் அரைநாள் படகுகளும் உண்டு. ஆனால் பனியாறு கடலில் விழுவதைப் பார்க்க வேண்டும் என்றால் முனையைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போய், அடுத்த ஃபியோர்டுக்குள் நுழைய வேண்டும். முனையைத் தாண்டும் அந்த ஒரு மணி நேரம்தான் விலை. இஞ்சி மிட்டாய் வைத்துக்கொண்டு பெஞ்சில் நேராக உட்கார்ந்து அடிவானத்தையே பார்த்தேன். பக்கத்தில் இருந்த வாலிபர் முதலில் பெரிய ஹாட் டாக் ஒன்று சாப்பிட்டார். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம்.

நீர்நாய்கள் மல்லாந்து மிதக்கின்றன. மற்றக் கடல் விலங்குகள் மாதிரி தோலுக்கடியில் கொழுப்பு கிடையாது, குளிரைத் தாங்க முடி மட்டும்தான். ஒரு சதுர அங்குலத்தில் லட்சக்கணக்கில். அந்த முடிக்காகத்தான் ரஷ்யர்கள் வந்தார்கள். இந்தக் கரையில் காலங்காலமாக இருந்த சுக்பியாக் மக்களையும் அலூட் மக்களையும் பிடித்து வேட்டைக்கு அனுப்பினார்கள். தோல் படகில் போய் ஈட்டி எறிவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. நீர்நாயும் அழிந்தது, அந்த ஊர்களும் அழிந்தன. 1911-இல் சர்வதேச ஒப்பந்தம் வந்து வேட்டை நின்றது. நீர்நாய் திரும்ப வந்துவிட்டது. பூங்காவுக்குள் ஃபியோர்டு ஃபியோர்டாகப் போனாலும் மனிதக் குடியிருப்பு ஒன்றும் தென்படாது. யாரும் தொடாத இயற்கை என்று விளம்பரத் தாள் சொல்கிறது. தொட்டவர்களைக் காலி செய்த இயற்கை என்று படித்துக்கொண்டேன்.

அயாலிக்கின் முன்னால் கேப்டன் எஞ்சினை அணைத்தார். நீர் பால் கலந்த மாதிரி, பனியாறு அரைத்த பாறை மாவு. மிதக்கும் கட்டிகள்மேல் கடல்நாய்கள் படுத்திருந்தன. எதிரே நீலச்சுவர், அதன் உயரம் பக்கத்தில் இன்னொரு படகு வந்தபோதுதான் விளங்கியது. சடசடவென்று எங்கோ முறிகிற சத்தம். சத்தம் வந்த இடத்தைத் தேடினால் அங்கே எதுவும் நடக்காது. ஒளி முதலில் வந்துவிடுகிறது, சத்தம் பின்னால் வருகிறது. அதனால் காதைக் கேட்காமல் கண்ணைச் சுவரிலேயே வைத்திருக்க வேண்டும். வீடு அளவு துண்டு ஒன்று சத்தமே இல்லாமல் கழன்று இறங்கியது. நீர் எழும்பியது. அப்புறம்தான் இடி. கொஞ்ச நேரம் கழித்து அலை வந்து படகைத் தூக்கிப்போட்டது.

கப்பலில் வேலை செய்த பையன் ஒரு கட்டியை வலையில் அள்ளிக் கொண்டுவந்தான். கண்ணாடி மாதிரி, உள்ளே குமிழிகள். அதை உடைத்து எல்லாருக்கும் பானத்தில் போட்டுக் கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் நானும் வாங்கிக் குடித்தேன்.

*

திரும்பும் வழியில் ஃபாக்ஸ் தீவு. ஓவியர் ராக்வெல் கென்ட் 1918-இல் ஒன்பது வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு குளிர்காலம் முழுக்க இங்கே குடிசையில் இருந்தார். நரி வளர்த்துக்கொண்டிருந்த சுவீடன் கிழவர் ஒருவர்தான் அக்கம்பக்கம். கடிதம் போட வேண்டுமானால் சூவர்ட் வரை பல மைல் துடுப்பு வலிக்க வேண்டும். 1920-இல் வந்த அவருடைய புத்தகம் ‘வில்டர்னஸ்’ அவரைப் பிரபலமாக்கியது. நியூயார்க்கில் மனைவி மற்றக் குழந்தைகளோடு தனியே சமாளித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் அமைதியும் தனிமையும் நிறைய உண்டு. அமைதி தேடிப் போகிறவர்களின் வீட்டில் யார் அடுப்பு மூட்டினார்கள் என்று கேட்கிற பழக்கம் எனக்கு.

*

மீன் வெட்டும் மேடை. படகுத்துறையில், கூரை போட்டு, தண்ணீர்க் குழாயோடு. மாலையில் வாடகைப் படகுகள் திரும்பியதும் பிடித்த ஹாலிபட் மீன்களைக் கொக்கியில் வரிசையாகத் தொங்கவிட்டு, பிடித்தவர் பக்கத்தில் நின்று படம். கதவு அளவு மீன்கள். பிறகு கத்திக்காரர்கள் வேலை. ஒரு இளம்பெண் நான்கே இழுப்பில் ஒரு ஹாலிபட்டைத் துண்டமாக்கினாள். முள்ளில் சதை ஒட்டவில்லை. காசிமேட்டில் மீன் வெட்டும் பெண்கள் பார்த்தால் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் தலையைத் தூக்கி எறிந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அந்தத் தலைக்கு ஒரு குழம்பு வைத்திருக்கலாம். கடற்காகங்களும் கடல்நாய் ஒன்றும் வாங்கிக்கொண்டன.

*

மவுன்ட் மாரத்தான். ஊரின் பின்சுவர். 3,022 அடி. ஒரு மணி நேரத்துக்குள் இதில் ஏறி இறங்க முடியுமா என்று குடிக்கடையில் இரண்டு பேர் பந்தயம் கட்டியதாகவும், இரண்டு நிமிடம் அதிகமாகி ஓடியவர் தோற்றதாகவும் கதை. 1915-இல் முறைப்படி போட்டியானது. இப்போது ஜூலை 4 அன்று ஊர் பல மடங்கு பெருத்துவிடுகிறது. ஏறுவதைவிட இறங்குவதுதான் கண்கொள்ளாக் காட்சி. உடைகல் சரிவில் குதிகாலை ஊன்றிச் சறுக்கியும் விழுந்தும் வருகிறார்கள். கடைத்தெருவில் எல்லைக்கோட்டை மிதிக்கும்போது முழங்காலில் ரத்தம், முகத்தில் சேறு. 2016-இல் டேவிட் நோரிஸ் 41 நிமிடம் 26 விநாடியில் முடித்தார். மருத்துவமனை மலையடிவாரத்திலேயே இருக்கிறது. யோசித்துத்தான் கட்டினார்களோ என்னவோ.

*

லோவல் ஓடை முன்பு ஜெஃபர்சன் தெரு வழியாகவே ஓடியது. மழைக்காலத்தில் பாறாங்கற்களோடு ஊருக்குள் வரும். 1940-இல் ராணுவப் பொறியாளர்கள் மலையைக் குடைந்து இரண்டாயிரம் அடிச் சுரங்கம் போட்டு ஓடையைத் திருப்பிவிட்டார்கள். இப்போது ஊரின் தென்கோடியில் மலையிலிருந்து அருவியாக விழுந்து கடலில் சேர்கிறது. தண்ணீரைத் திருப்பலாம், சரளையை என்ன செய்வது? பெருமழை வந்தால் அருவி கக்கும் கல்லும் மண்ணும் சாலையை மூட, புல்டோசர்கள் விடிய விடியத் தள்ளிக்கொண்டிருக்கும். ஊரை உண்டாக்கிய ஓடை அது. தன் வேலையை நிறுத்துவதற்கு அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

*

விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் ராத்திரி தெரியும் மஞ்சள் விளக்குகள் அதிகபட்சக் காவல் கொண்ட சிறைச்சாலை. மலை, கடல், பனி, எல்லாம் சேர்ந்த காட்சி. ஜன்னல் எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தேன், சொல்லத் தெரிந்தவர் இல்லை.

ரயில் முனையத்தில் நீண்ட இரும்புத் துறை ஒன்று. 1980-களிலிருந்து 2016 வரை அலாஸ்கா நிலக்கரி இங்கிருந்துதான் தென்கொரியாவுக்குக் கப்பலேறியது. அந்தத் துறைக்கும் எக்ஸிட் பனியாற்றின் ஆண்டுப் பலகைகளுக்கும் இடையில் காரில் கால் மணி நேரம். நிலக்கரி நின்றதற்குப் பனி காரணமில்லை, உலகச் சந்தையில் விலை விழுந்ததுதான் காரணம். அந்த வேலைகளை இழந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் பனியாறு பற்றிப் பேச்செடுத்தால், நீங்கள் எதில் ஏறி இங்கே வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

தேசியப் பூங்கா 1980-இல் வந்தபோதும் ஊரில் பலருக்கு அது பிடிக்கவில்லை. வெளியாட்கள் வந்து நிலத்தைப் பூட்டுகிறார்கள் என்று பேசினார்கள். இன்று கடைத்தெருவில் பாதி அதை நம்பித்தான் நிற்கிறது.

*

போகிறவர்களுக்கு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. செப்டம்பர் நடுவில் படகுகள் குறைந்து, கடைகள் பலகை அடிக்க ஆரம்பித்துவிடும். ஆங்கரேஜிலிருந்து ரயிலில் வாருங்கள். சாலை போகாத பள்ளத்தாக்குகள் வழியாக, பனியாறுகள் அருகில் தெரிய வருகிறது. திரும்ப பஸ்ஸே போதும். கெய்ன்ஸ் ஹெட் முனைக்கு நடக்க ஆசைப்பட்டால் ஓத அட்டவணை பார்க்காமல் கிளம்பாதீர்கள். பாதையில் பாதி கடற்கரை, ஓதம் ஏறினால் வழி இருக்காது. அங்கே 1942-இல் ஜப்பானியர் அலூஷன் தீவுகளில் சிலவற்றைப் பிடித்த காலத்தில் அமெரிக்க ராணுவம் கட்டிய கோட்டை இருக்கிறது, ஒரு குண்டும் சுடாமல் கைவிட்டார்கள். அதன் உள்ளே போக டார்ச் வேண்டும். பழைய தேவாலயம் ஒன்றைக் காப்பிக் கடையாக்கியிருக்கிறார்கள், பாடகர் மேடையில் உட்கார இடம் கிடைத்தால் மழை நிற்கும்வரை எழுந்திருக்க வேண்டாம். காரில் வருகிறவர்கள் வழியில் வரும் கேர்ட்வுட்டிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளவும். அதற்கப்புறம் மலையும் ஏரியும்தான், பங்க்கை நம்ப முடியாது.